பிக்கில்ஸின் இரண்டாவது இதயம்

முந்தாநாள் செத்துப்போன ஹெர்பர்ட் பிக்கில்ஸ், டில்லியின் கணினித் திரையில் நிமிடத்துக்கு எழுபது தரம் துடித்துக்கொண்டிருந்தார்.

டில்லி ஓல்ட்ராய்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

ஈ.சி.ஜி. படிப்பில் கடைசி வருஷம். யார்க்‌ஷயரில் ஆர்க்கன்ஷா மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வந்து பதினான்கு வாரம். இன்றோடு முடிகிறது. பயிற்சிப் புத்தகத்தில் நாற்பது கையெழுத்து வேண்டும். முப்பத்தொன்பது கிடைத்துவிட்டது.

மிச்சம் ஒன்று. 'ஒருநாள் இதயப் பதிவைத் தனியாக ஆராயத் தகுதியுள்ளவர்.'

அது இல்லையென்றால் பட்டம் இல்லை. இன்னொரு வருஷம்... இதே க்ளைவ் ராம்ஸ்டனிடம்.

க்ளைவ் ஈ.சி.ஜி. பிரிவின் தலைவர். அவர் கடந்து போனால் டீயில் ஊற்றிய பால் திரிந்துவிடும் என்று நர்சுகள் சொல்வார்கள். இரண்டு தரம் திரிந்தும் இருக்கிறது.

பிக்கில்ஸுக்கு அடிக்கடி மயக்கம். முந்தாநாள் காலை ஒன்பதுக்கு டில்லிதான் அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, தீப்பெட்டி அளவுப் பதிவுக் கருவியை மாட்டி வீட்டுக்கு அனுப்பினாள். இரவு ஏழுக்கு அவர் வீட்டு மாடிப்படி அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். நெஞ்சில் கருவி அப்படியே இருந்தது.

எந்த நிமிஷம் செத்தார்? கருவிதான் சொல்லவேண்டும். போலீஸ் வெளியே காத்திருந்தது.

கருவி நாலு பத்து என்றது. அங்கே கோடு தட்டையாகிவிட்டது.

ஆனால்...

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கும் ஒருதரம் தட்டையாகியிருந்தது. ஆறு நிமிஷம். அதற்கு முன் அகலமான, தாறுமாறான கிழட்டுத் துடிப்பு. அதற்குப் பின் ஒல்லியான, ஒழுங்கான துடிப்பு.

ஆறே நிமிஷத்தில் பிக்கில்ஸ் இருபது வயசு குறைந்திருந்தார்.

"இன்னுமா கிழிச்சிட்டிருக்க?" க்ளைவ் கதவை உதைத்துத் திறந்தார்.

"நடுவுல துடிப்போட உருவமே மாறுது, க்ளைவ்."

"ஒயர் கழண்டிருக்கும். திரும்ப ஒட்டியிருப்பாரு. கோளாறுன்னு எழுது."

"ஒயர் கழண்டா இதயமா மாறும்?"

"ஏம்மா, எனக்கே பாடம் எடுக்கறியா? ஒழுங்கா ஒரு ஒயர் ஒட்டத் தெரியாது உனக்கு. நாலு பத்துன்னு எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன். இல்ல... அடுத்த வருஷமும் வா. எனக்கொண்ணும் அவசரமில்ல."

டீ எடுக்கப் போனார்.

டில்லி மத்தியானப் பகுதியை மெல்ல ஓட்டினாள். சீரான எழுபது... திடீரென்று நூற்று நாற்பது. மறுபடி எழுபது. மறுபடி நூற்று நாற்பது. மொத்தம் மூன்று இடம்.

ஒன்று ஐம்பது. இரண்டு முப்பத்தைந்து. மூன்று இருபது.

எங்கேயோ பார்த்த நேரங்கள்.

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, முந்தாநாள் பக்கத்தைத் திறந்தாள். பயிற்சியில் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதி, அதிலிருந்து என்ன கற்றோம் என்றும் எழுதவேண்டும். கல்லூரியின் கட்டளை.

'1.50: நோயாளியின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டேன். க்ளைவ் திட்டினார். கற்றது: பெயரைக் கேட்டு உறுதி செய்யவேண்டும்.'

'2.35: ஒயர் மாற்றி ஒட்டினேன். க்ளைவ் கத்தினார். கற்றது: இடது எது, வலது எது.'

'3.20: க்ளைவ் திட்டினார். எதற்கென்று தெரியவில்லை. கற்றது: ஒன்றுமில்லை.'

டில்லி நாட்குறிப்பைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்: க்ளைவ் திட்டிய மூன்று நேரமும் துடிப்பு எகிறிய மூன்று நேரமும் ஒன்றே.

க்ளைவ் சாப்பாட்டு வேளையில் போய்க் கொன்றிருக்கிறார். பிணத்திலிருந்து கருவியைக் கழற்றித் தன் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு, மத்தியானம் முழுக்க இங்கே நின்று அவளைத் திட்டியிருக்கிறார். நாலு பத்துக்குப் பிரிவின் கூட்டத்தில் ஐந்து பேர் நடுவே உட்கார்ந்து, நெஞ்சைச் சொறிகிற மாதிரி ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். வேலை முடிந்ததும் போய்ப் பிணத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதிவை ஆராய்வது கற்றுக்குட்டி, சரிபார்ப்பது அவர். எந்தப் பயமும் இல்லை.

க்ளைவ் டீயோடு திரும்பினார்.

"என்ன முடிவு பண்ணின?"

டில்லி பயிற்சிப் புத்தகத்தை நீட்டினாள்.  

"முதல்ல கையெழுத்து, க்ளைவ். அப்புறம் அறிக்கை."

"அப்படி வா வழிக்கு."

போட்டார். சந்தோஷத்தில் குறிப்பும் சேர்த்தார்: 'இவருக்கு மேற்பார்வை தேவையில்லை.'

டில்லி கதவைத் திறந்தாள்.

"இன்ஸ்பெக்டர், உள்ள வாங்க. அவர் செத்தது நாலு பத்துக்கு இல்ல. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு. அதுக்கப்புறம் துடிச்சது க்ளைவோட இதயம்."

டீக்கோப்பை தரையில் உடைந்தது.

"பைத்தியம்!" க்ளைவ் கத்தினார். "மாணவிங்க இவ! ஒரு எழவும் தெரியாது! இவ சொல்றதைக் கோர்ட்டு நம்புமா?"

இன்ஸ்பெக்டர் மாரீன் ஸ்டோக் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். நிதானமாக, இரண்டு தரம்.

"தகுதியுள்ளவர்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. மை கூட இன்னும் காயல." நிமிர்ந்தார். "லொரெய்ன் பிக்கில்ஸ், புருஷனை விட உங்களுக்குத்தான் அதிகமா போன் பண்ணியிருக்காங்க. நாலு பத்துக்கு நீங்க கூட்டத்துல இருந்ததாலதான் உங்களை விட்டு வெச்சேன். இப்ப உங்க நெஞ்சுல ஒரு ஈ.சி.ஜி. எடுத்து ஒப்பிடணும். கண்ணு, உன்னால முடியுமா?"

"இவளா? என் மேல கை வெச்சா..."

டில்லி படுக்கையின் விரிப்பை நீவிவிட்டாள்.

"சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க. முதல்ல உங்க முழுப்பேர் சொல்லுங்க... கேட்டு உறுதி பண்ணிக்கணும்னு நீங்கதானே திட்டினீங்க."