அம்மாவின் ஆமை

"உலகத்திலேயே சாவில்லாத உயிர் ஒண்ணே ஒண்ணுதான். அது நம்ம வீட்டு கம்ப்யூட்டர்!" என்று அறிவித்தான் அண்ணன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் அறிவித்தான். "ஏன் தெரியுமா? நான் அதை அப்டேட்டே பண்ண விட்டதில்லை. அப்டேட் எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க வேலை."

தங்கை வாலு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கவலை வேறு.

கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச முடியாத காலம் அது. கப்பலில் எஞ்சின் பார்க்கும் அம்மா, கரைக்கு வரும் நாளில்தான் கம்ப்யூட்டரில் முகம் காட்டுவார். இன்று மாலை கப்பல் கரைக்கு வருகிறது. ஆனால் பேசும் நிரலைத் திறந்தால், 'இது மிகப் பழையது. புதுப்பித்தால்தான் இணைக்க முடியும்' என்றது திரை.

"சாகலைதான் அண்ணா. ஆனா வாயடைச்சுப் போச்சு."

"கோளாறு கப்பல் பக்கம்."

"கப்பலே இன்னும் வரலையே!"

அது லினக்ஸ் கம்ப்யூட்டர். அதில் ஒவ்வொரு நிரலும் ஒரு பொட்டலம் மாதிரி. கட்டளை தட்டினால், எந்தெந்தப் பொட்டலம் புதிதாக வந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். வாலு தட்டினாள். வரிசை கூட்ஸ் வண்டிபோல வந்துகொண்டே இருந்தது. திரையில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள்.

"பாப்பா விரல் வெச்சுப் படிக்குது!" என்று சிரித்த அண்ணன், ஒரு வரியைப் பார்த்ததும் கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டான்.

"வேண்டாம். விட்டுடு."

'ஆமை ஓட்டம்' என்றது அந்த வரி.

அம்மா போட்டுக் கொடுத்த விளையாட்டு. மழை நாளில் மடியில் ஒருத்தி, முதுகில் ஒருத்தன் தொங்க, அம்மா ஆமையை ஓட்டுவார். ஆமை பள்ளம் தாண்டும்போது அம்மாவும் சேர்ந்து எகிறுவார். முதுகில் இருப்பவன் விழுவான். விழுந்தவன் மறுபடி ஏறுவான்.

புதிய ஆமை வந்தால் பழைய மதிப்பெண் பலகை அழிந்துவிடும் என்று குறிப்பு சொன்னது. பலகையின் உச்சியில் அம்மா பெயர்.

"இதுக்குத்தானா இத்தனை நாளா அப்டேட் பண்ண விடலை?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். "பேசுறதை மட்டும் மாத்தேன்."

"அது மத்த பொட்டலங்களை நம்பி நிக்குதே."

வாலு அவனைக் கேலி செய்யவில்லை. உதவிப் பக்கத்தைத் திறந்து தேடினாள். கடைசியில், ஒரு பொட்டலத்தை மட்டும் இருந்தபடியே நிறுத்தி வைக்கும் கட்டளை கிடைத்தது.

"அண்ணா, ஆமையைப் புடிச்சு வெச்சுக்கலாம். மத்ததெல்லாம் போகட்டும். நீயே தட்டு."

அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். கம்ப்யூட்டர் உறுமியது, முனகியது, ஒருவழியாக முடித்தது. அண்ணன் முதலில் திறந்தது மதிப்பெண் பலகையை. அம்மா பெயர் இருந்தது.

மாலையில் கன்னத்தில் எண்ணெய்க் கறையோடு அம்மாவே திரையில் வந்தார். "டேய், என் ரெக்கார்டை யாராவது தாண்டினீங்களா?"

"இல்லம்மா!" என்றான் அண்ணன். தோற்றதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை வாலு பார்த்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை வாலு எழுந்து வந்தபோது, அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். திரையில் விரல் வைத்து, உதடு அசைய, புதிய வரிசையைப் படித்துக்கொண்டிருந்தான்.

வாலு பூனைபோல வந்த வழியே திரும்பிப் போனாள்.