எந்தக் கையில் தழும்பு

சகாயராஜ் டீ டம்ளரை இடது கையால் வாங்கினான்.

மெர்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் டம்ளரை விட்ட பிறகும் அவள் கை ஒரு கணம் அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே பக்கமாக நீட்டிப் பழகிய கை. அந்தப் பக்கத்தில் வாங்க ஆள் இல்லாததுபோல் இருந்தது.

"வலது கைக்கு என்னா ஆச்சு?"

"மண்ணு வாரிப் போட்டது. வலிக்குது."

இருக்கலாம். அவன் லாரியில் லோடு ஏற்றப் போகிறவன். அந்த வாரம்தான் சேத்தியாத்தோப்பைத் தாண்டி ஏதோ ஒரு களிமண் குழிக்குப் போனவன், மழையில் வண்டி புதைந்து, டிரைவர் ஆள் கூட்டிவர நடந்துபோய்விட, ராத்திரி முழுக்கக் குழியோரத்தில் தனியாகக் கிடந்துவிட்டு மறுநாள் மதியம் வந்து சேர்ந்தான். தலைமுடியிலிருந்து கால் நகம்வரை வெள்ளையாக மண் காய்ந்திருந்தது. மெர்சியே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மண் போனது. வாசனை போகவில்லை. செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் வரைகிற வேலை அவளுக்கு. ஈரக் களிமண் வாசனை ஒன்றும் புதிதில்லை. ஆனால் அது பட்டறையில் இருக்க வேண்டிய வாசனை. தலையணையில் இருக்க வேண்டியதில்லை.

வெளியே மறுபடி தூறல் பிடித்தது. ஆறு மணிக்கே தெரு இருட்டிக்கொண்டு வந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நகரும் சத்தம், நனைந்த சாக்கை இழுப்பதுபோல், விட்டு விட்டுக் கேட்டது. மெர்சி சுவரோரம் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

செத்தவர்கள் எழுந்து நடமாடும் ஜாம்பி தொடர் ஒன்று, 'மூச்சில்லா ஊர்' என்று பெயர். வாராவாரம் வெள்ளிக்கிழமை வரும். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் இருந்தது. ஒரு காட்சியில் மூடியிருந்த ஜன்னல் அடுத்த காட்சியில் திறந்திருந்தால் மெர்சிதான் முதலில் கண்டுபிடிப்பாள். குரூப்பில் அவளுக்கு 'சிஐடி மெர்சி' என்று பெயர். நேற்று வந்த பாகத்தில், செத்துப்போன ஆதவன் தன் மனைவி தாரிணியைத் தேடி வீட்டுக்கு வருகிறான். உயிரோடு இருந்தபோது இடது கன்னத்திலிருந்த தழும்பு இப்போது வலது கன்னத்தில். மெர்சி அதை எழுதிப்போட்டதிலிருந்து வாக்குவாதம் ஓயவில்லை.

அவளோடு கண் வரைகிற பூர்ணிமா நல்லூரிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "தழும்பு போவுது வுடுடி. கதவத் தட்டுறவன் செத்தவன்னு தாரிணிக்குத் தெரியும். தெரிஞ்சும் எதுக்குத் தொறக்கறா? கதைய நகத்தறதுக்காகத் தொறக்க வுட்ருக்காங்க. வேற என்னா?"

"புருஷன்டி அது. தொறக்காம எப்படி இருப்பா?" என்று மெர்சி பதில் அனுப்பினாள். "தழும்புதான் தப்பு. மேக்கப் போடறவன் தூங்கிட்டான்."

சேத்தியாத்தோப்பில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கார்முகில் உடனே பேசினான். "அக்கா, அது தப்பு இல்ல. க்ளூ. வந்தது ஆதவனே கிடையாது. அவன எதிர்ல நின்னு பாத்துப் பாத்து, அதே மாதிரி தன்னச் செஞ்சுக்கிட்ட ஒண்ணு. எதிர்ல நின்னு பாத்தா அவன் இடது நமக்கு வலதாத்தான தெரியும்? பொம்ம வேல பாக்குறீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

மெர்சி சிரித்தாள். வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் எல்லோரும் செய்யும் தப்பு அது. மாதிரிப் பொம்மையை எதிரில் வைத்துக்கொண்டு வலப்பக்க மச்சத்தை இடப்பக்கம் வைத்துவிடுவார்கள்.

"அந்தப் பையன் சொல்றது சரி," என்றான் சகாயராஜ்.

அவள் திரும்பினாள். பாயில் மல்லாந்து படுத்திருந்தான். கண் விட்டத்தில் இருந்தது. இந்தத் தொடரை ஒருநாளும் பார்க்காதவன். பிணம் நடக்குதாம், வேற வேல இல்ல உங்களுக்கு என்று கிண்டல் செய்கிறவன்.

"எது சரி?"

"எதிர்ல நின்னு பாத்தது. ராத்திரி முழுக்கப் பாத்துக்கிட்டே இருந்தா ஆச வந்துரும்ல. நமக்கும் ஒரு வூடு இருந்தா தேவலன்னு."

"நீங்க எப்ப பாத்தீங்க?"

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டவன்போல் டம்ளரைத் தள்ளி வைத்தான். டீ அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

மாலை ஜெபத்துக்கு மகள் ஜெனிட்டா மெழுகுவர்த்தியை ஏற்றினாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள்; ஜெபத்தில் அப்பாவுக்கு எதிரில் உட்காருவது அவள் வழக்கம். மெர்சி ஆரம்பித்தாள். பிதா, சுதன் என்று சொல்லிக்கொண்டே நெற்றியையும் நெஞ்சையும் தொட்டபோது ஜெனிட்டா களுக்கென்று சிரித்தாள்.

"அம்மா, அப்பா தப்பா போடுறாங்க."

சகாயராஜ் இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான். அதுவும் வலது தோளில் ஆரம்பித்து இடது தோளில் முடித்தான். தடுமாற்றமே இல்லை. பல வருஷம் பழகியவன் செய்வதுபோல் இருந்தது. கைவலிக்காரன் கையை மாற்றலாம். தோளை ஏன் மாற்றுகிறான்?

அப்போது கரண்டு போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. மெழுகுவர்த்தியும் அடித்தண்டு மட்டும்தான் மிச்சம்.

"கடைக்குப் போயி வாங்கியாரேன். பாப்பா, வரியா?"

ஜெனிட்டா துள்ளி எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மெர்சி வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்லித் தடுப்பது? பெற்ற அப்பனோடு போகாதே என்றா? தொடர் பார்த்துப் பார்த்துத் தனக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். இருவரும் தூறலில் இறங்கினார்கள்.

தனியாக உட்கார்ந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. சூளைக் கதவு பட்டுச் சுட்ட தழும்பு ஒன்று அவன் முழங்கைக்குக் கீழே இருந்தது, வெந்தயம் கொட்டியதுபோல் சொரசொரப்பாக. அவள்தான் தினமும் மருந்து போட்டாள். எந்தக் கையில்? இடது கை. நிச்சயம் இடது. ஆனால் வந்த நாளிலிருந்து அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை. குளிப்பாட்டியபோதும் சட்டையோடேதான் நின்றான்.

போனில் படங்களைத் தள்ளினாள். ஒரு செல்ஃபியில் தழும்பு வலது கையில் இருந்தது. அப்போ தன் நினைவுதான் தப்பா? அடுத்ததில் இடது கையில். அப்புறம்தான் புரிந்தது, முன்பக்கக் கேமரா சில நேரம் திருப்பிக் காட்டும். போனை நம்ப முடியாது. தேடித் தேடி, ஜெனிட்டாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய வெள்ளை கவுனைப் போட்டுப் பார்த்த அன்று பூர்ணிமா எடுத்த வீடியோ கிடைத்தது. சுவரில் காலண்டர், எழுத்துகள் நேராக இருந்தன. சகாயராஜ் கைலியும் பனியனுமாகக் கேக் வெட்டுவதுபோல் நடித்து மகளைச் சிரிக்க வைக்கிறான்.

கத்தி வலது கையில். தழும்பு இடது கையில்.

கடை தெருமுனையில்தான் இருக்கிறது. போனவர்கள் இன்னும் வரவில்லை.

மெர்சி வாசலுக்கு ஓடினாள். தெரு முழுக்க இருட்டு. சாக்கடையில் தண்ணீர் போகும் சத்தம். எதிர் வீட்டில் யாரோ இருமினார்கள். "ஜெனி," என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. மழை மண்ணில் விழும்போது எழும் அந்த வாசனை, எல்லோருக்கும் பிடித்த வாசனை, இப்போது தலையணையில் அடித்த வாசனையாகவே இருந்தது.

பிறகு வந்தார்கள். அவன் தோளில் குழந்தை தலை சாய்த்திருந்தது.

"கடைய மூடிட்டான். அடுத்த தெரு வரைக்கும் போயிட்டோம்," என்றான். உள்ளே வந்து புது மெழுகுவர்த்தியை ஏற்றினான். நனைந்த சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டான். வெளிச்சம் கைமேல் விழுந்தது.

தழும்பு வலது கையில் இருந்தது. சொரசொரப்பெல்லாம் அப்படியே. அளவு மாறாமல். அவள் வரைகிற பொம்மைகளில்கூட இவ்வளவு சுத்தம் வராது.

அவன் அவள் பார்ப்பதைப் பார்த்தான். சட்டையைக் கீழே இழுக்கவில்லை.

"குழந்தைய இங்க குடுங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் கொடுத்துவிட்டான்.

"பூர்ணிமாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். நல்லூருக்குப் போயிட்டு வரேன்."

"இந்த மழையிலயா?"

"ஆமா."

"சரி. போயிட்டு வா." நிலைப்படியில் சாய்ந்து நின்றான். குடையைக்கூட எடுத்து நீட்டினான். "பாப்பா நனையாம பாத்துக்க."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவில் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரும் பின்னால் வரவில்லை. நல்லூர் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. கடைசி வரிசைக்கு முன் ஒரு ஜன்னலோர இருக்கை. கண்டக்டர், சந்தைப் பையோடு ஒரு கிழவர், தூங்கும் ஒரு காலேஜ் பெண். மனுஷ முகங்கள். பஸ் ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போனதும் அவளுக்கு அழுகை வந்தது. தப்பித்துவிட்டோம். பூர்ணிமாவிடம் சொல்லலாம். நாளைக்குப் பங்குச் சாமியாரைப் பார்க்கலாம். அந்தக் களிமண் குழிக்கு ஆள்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே இருக்கும் சகாயராஜை... அதற்குமேல் நினைக்காமல் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் மூடி, நெஞ்சோடு நெஞ்சாக.

போன் மினுங்கியது. வருகிறேன் என்று சொல்லத்தான் எடுத்தாள். குரூப்பில் பூர்ணிமா எழுதியிருந்தாள்.

"தழும்ப வுடு. பெரிய ஓட்ட எது தெரியுமா? தாரிணி புள்ளயத் தூக்கிட்டு ஓடறா. அவன் தொரத்தவே இல்ல. வாசல்ல நின்னு வேடிக்க பாக்குறான். எதுக்கு அவள வுட்டான்? லாஜிக்கே இல்ல."

கீழே கார்முகில் பதில் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.

மெர்சி போனை மடியில் வைத்தாள்.

ஜெனிட்டா கடையிலிருந்து வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கம் என்று நினைத்திருந்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குழந்தை சிணுங்கவில்லை.

கையை மெதுவாக உள்ளே விட்டாள். ஈரமான கவுனுக்குள், குழந்தையின் இடது மார்பில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. துடிப்பு இல்லை.

கொஞ்சம் அழுத்தினாள். இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நகர்த்தினாள். நடு நெஞ்சு. அதைத் தாண்டி. வலது பக்கம்.

அங்கே இருந்தது. நிதானமாக. அழகாக. அடித்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் விளக்கை அணைத்தார். இருட்டில், அவள் கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.