கொசுக்கால் கோடு

தேனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் ஞானபாக்கியம். கம்பத்தில் ஒருத்தர் தும்மினால், தும்மியவர் திராட்சைத் தோட்டக்காரரா ஏலக்காய் வியாபாரியா என்று வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். அவர் துப்புத் துலக்கப் போகும் இடமெல்லாம் தன் வாடகை அம்பாசிடரை ஓட்டியவர் ஒச்சாண்டி. 'ஓட்டியவர்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒச்சாண்டி மூன்று நாளைக்குச் சாப்பிட மாட்டார். பாதித் துப்பு தன்னுடையது என்பது அவர் கட்சி.

1974 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஷூவுமாக வைகுண்டராஜ் வந்து நின்றார். வைகை அணைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நீரியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி. கையில் சுருட்டிய காகிதம்.

"அக்கா, என் மிஷின் பொய் சொல்லுது!"

ஞானபாக்கியம் முதல் டிகாக்ஷன் காப்பியை அவரிடம் நீட்டினார். அது வழக்கமாக ஒச்சாண்டிக்கு வருவது. ஒச்சாண்டி வாசலுக்குப் போய் அம்பாசிடர் ஹாரனை இரண்டு தடவை அழுத்தினார்.

"கூட்டிக் கழிக்கிற கம்ப்யூட்டர் இல்லக்கா இது. அனலாக். கரண்டையே ஆத்துத் தண்ணியா ஓடவிடும். மேகமலையில இத்தனை மழைன்னு திருகுக் குமிழைத் திருப்பினா, அணைக்கு வெள்ளம் எப்ப வரும்னு பேனா தானே கோடு போடும். இருபது வருஷமா நான் வேற எதையும் ஏறெடுத்துப் பாத்ததில்ல. நாளைக்கு மெட்ராஸ் கமிட்டி வருது. பழைய வெள்ளத்தை வச்சுப் போடுற சோதனைக் கோடு தப்புனா மிஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு டிஜிட்டல் வாங்கிருவாக. நேத்து மத்தியானம் வரைக்கும் சரியா இருந்துச்சு. இன்னைக்கு ஆறு மணி நேரம் தப்பாச் சொல்லுது. உள்ள இருக்கற கண்ணாடி வால்வு அத்தனையும் மாத்திப் பாத்துட்டேன்!"

ஞானபாக்கியம் காகிதத்தை விரித்தார். கோட்டின் தொடக்கத்தில் கொசுக்கால் போல ஒரு சின்னக் கொக்கி.

"இது என்ன தம்பி?"

"பேனா கிளம்பறப்ப ஒரு துள்ளு துள்ளும். அதுக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தம் இல்ல. அது குணம் அப்படி." வைகுண்டராஜ் வெட்கப்பட்டார், புது மாப்பிள்ளை மாதிரி.

ஆண்டிபட்டி வழியாக ஒச்சாண்டி ஓட்டிய ஓட்டத்தில் சாலையோரப் புளியமரங்கள் தலையைக் குனிந்துகொண்டன.

சுவர் உயரத்துக்கு நின்றது எந்திரம். நூற்றுக்கணக்கான துளைகள், அவற்றில் செருகிய கலர் கலர் ஒயர்கள். "அட, நம்ம எக்ஸ்சேஞ்சு போர்டு!" என்று ஞானபாக்கியம் அதைத் தடவிக் கொடுத்தார். அம்பாசிடரை அவர் ஒருநாளும் இப்படித் தடவியதில்லை.

அறைச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. வைகுண்டராஜ், டிஜிட்டல் படித்துவிட்டு வந்த இளைஞன் ஆதித்தன், அறையைப் பெருக்கும் மலையம்மாள். ஒச்சாண்டி முந்திக்கொண்டு மலையம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஈரத் துணியைப் போட்டுத் தொடச்சிருப்ப, அப்படித்தான?"

"ஏய்யா, வாய அலம்பிட்டுப் பேசு! அந்தத் திருகுல கை பட்டா அய்யா அழுதிருவாகன்னு தூசியக்கூட வாயால ஊதித்தான் விடுறேன்!"

ஞானபாக்கியம் வைகுண்டராஜ் திருகு அளவுகளை எழுதிவைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பன்னிரண்டு திருகுகளையும் வாசித்தார். நோட்டில் நாற்பத்தேழு, திருகிலும் நாற்பத்தேழு. நோட்டில் முப்பத்திரண்டு, திருகிலும் அதே. பன்னிரண்டும் இம்மி பிசகவில்லை.

"அப்ப யாருமே தொடலம்மா," என்றார் ஒச்சாண்டி ஏமாற்றத்தோடு.

"தம்பி, நீங்க திருகு வைக்கறப்ப இந்த நம்பரைப் பாப்பீகளா?"

"நம்பரா!" வைகுண்டராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது எவனோ அச்சடிச்சு ஒட்டினது. நான் மீட்டர் முள்ளைப் பாத்துத்தான் வைப்பேன். நோட்டுல நாப்பத்தேழுன்னா முள்ளு நாப்பத்தேழுக்கு வரணும்; அப்ப திருகு நாப்பத்தஞ்சுல நிக்கும், இல்ல நாப்பத்தொம்பதுல. ஒரு தடவை வச்சா அந்த நம்பர் பக்கம் நான் திரும்பியே பாக்க மாட்டேன்."

ஞானபாக்கியம் தலையாட்டினார். "ஆதித்தன், கமிட்டிக்கு நீங்க எழுதின அறிக்கையைக் கொஞ்சம் காட்டுங்க."

ஆதித்தன் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். 'டிஜிட்டல் கணக்கீட்டின் விடை' என்ற தலைப்பின்கீழ் அழகான மைக்கோடு. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மலையம்மாளையும் உள்ளே கூப்பிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"பன்னிரண்டு திருகும் நோட்டுப்படி நிக்குது. அதுதான் தப்பு. வைகுண்டராஜ் கை வச்சா ஒண்ணுகூட அப்படி நிக்காது. அப்ப வேற ஒருத்தர் திருகியிருக்கார். கெடுக்க வந்தவரா இருந்தா திருப்பிவிட்டுட்டுப் போயிருப்பார். இவர் சிரத்தையா பழையபடி வச்சிருக்கார். மீட்டரைப் பாக்காம நம்பரை நம்புற ஆள். இந்த ரூமில அப்படி ஒருத்தர்தான்."

"நம்பரை யாரும் பாக்கலாம் மேடம்," என்றான் ஆதித்தன்.

"பாக்கலாம். ஆனா டிஜிட்டல் போட்ட கோட்டுக்குக் கொசுக்கால் எப்படி முளைச்சது?"

எல்லோரும் அறிக்கையின் மேல் கவிழ்ந்தார்கள். கோட்டின் தொடக்கத்தில் அதே கொக்கி! பேனாவின் துள்ளலையும் விடையென்று நம்பி, ஆதித்தன் மெல்லிய தாளை மேலே வைத்துப் பக்தியோடு படியெடுத்திருந்தான்.

ஆதித்தன் அறிக்கையை இழுத்து மூடினான். "கணக்கை ஓட்டை போட்ட அட்டைகள்ல ஏத்தி மெட்ராஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். மூணு தடவையும் தப்புன்னு திரும்பி வந்துச்சு. எல்லாரும் இவரையே மேதைங்கறாங்க. என் அறிக்கையில ஒரு கோடுகூட இல்ல. நேத்து சாயங்காலம் இவர் கிளம்பினதும் என் கணக்கை இதுல போட்டேன். ஆனா திருகெல்லாம் கரெக்டா வச்சுட்டுத்தான் போனேன் மேடம்!"

"அந்தக் கரெக்டுதான் ஆளைக் கெடுத்தது. நாளைக்குக் கமிட்டி முன்னாடி இதை நீங்களே சொல்லிருங்க."

மறுநாள் வைகுண்டராஜ் முள்ளைப் பார்த்துத் திருகு வைத்தார். பேனா துள்ளிக் குதித்துச் சரியான கோடு போட்டது. ஆதித்தன் எழுந்து உண்மையைச் சொன்னான். டிஜிட்டலுக்கு வக்காலத்து வாங்கிய அறிக்கையே அனலாகின் தயவில் எழுதியது என்று தெரிந்ததும் கமிட்டித் தலைவர் சிரித்த சிரிப்பில் அணையே ஓர் அங்குலம் ததும்பியது. மிஷின் பிழைத்தது.

ஆனால் வைகுண்டராஜின் முகத்தில் ஈயாடவில்லை. ஆதித்தனை ஓரமாக இழுத்துப் போனார்.

"உனக்கு எத்தனாவது தடவையில கோடு போட்டுச்சு?"

"முதல் தடவையிலேயே சார்."

"முதல் தடவையா?" வைகுண்டராஜ் எந்திரத்தை ஒரு பார்வை பார்த்தார். "இருபது வருஷத்துல எனக்கு மூணு தடவை மக்கர் பண்ணாம ஒரு நாள் போட்டதில்ல." ஆதித்தனிடமிருந்து சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஆண்டிபட்டி தாண்டியதும் ஒச்சாண்டி வேகத்தைக் குறைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, போன மாசம் நான் வீரபாண்டிக் கோயிலுக்கு வாடகைச் சவாரி போயிருந்தப்ப, நீங்க வேற கார்ல எங்கனயாவது போனீகளா?"

ஞானபாக்கியம் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே ஓடிய மலையை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.