பெரிய குரலின் மிச்ச மூச்சு

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிற அந்த டப்பிங் கூடத்துக்குச் சின்னக் குரல் காலை பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தபோது, அவள் கழுத்தில் கம்பளித் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் எவளாவது கழுத்தைப் போர்த்துவாளா? கண்ணாடிக் கடைக்காரர் பார்க்காதவர் போலப் பார்த்துக்கொண்டார். அந்தக் கலையில் அவருக்கு நிகர் அவர்தான்.

கொரியாவிலிருந்து வரும் வெட்டுக்குத்துத் திகில் படங்களைத் தமிழ் பேச வைப்பது அந்தக் கூடத்தின் பிழைப்பு. அங்கே வெட்டுகிறவன் ஒருவன், சாகிறவள் ஒருத்தி. இங்கே அலறுகிறவள் சின்னக் குரல். மூன்று வருடமாகக் கதாநாயகிகள் எல்லோருக்கும் அவள்தான்.

முந்தின வாரம் தொண்டை டாக்டர் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்து, "குரல் நாண்ல ரெண்டு முடிச்சு. இன்னும் கொஞ்ச நாள் கத்துனீங்கன்னா அப்புறம் ஜாடைதான்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சீட்டை எட்டாக மடித்துக் கைப்பையின் அடியில் போட்டாளே தவிர, கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. விஷயம் வெளியே போனால் மைக் கைமாற எத்தனை நாள் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாதா? அவளே அப்படிக் கைமாற்றி வாங்கியவள்தானே.

யாரிடமிருந்து என்றால், சொந்த நாத்தனாரிடமிருந்து. புருஷனின் அக்காவுக்குக் கூடத்தில் பெரிய குரல் என்று பெயர். இவளை அங்கே அழைத்து வந்து கூட்டத்தில் ஒருத்தியாகச் சத்தம் போட வைத்ததே அவள்தான். பிறகு வயது ஏறி, குரலில் லேசாக மணல் விழ, "அண்ணிக்கு ஓய்வு கொடுக்கலாமே" என்று முதலாளியின் காதில் யாரோ போட்டார்கள். அந்த யாரோ யார் என்பது கண்ணாடிக் கடைவரைக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன்தான் மேலும் கீழுமாகப் போய்வந்தார். "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, தண்ணி நிக்கப்போகுதுன்னு." "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, எனக்குக் காது இருக்குன்னு."

போன வருடம் பெரிய குரல் போய்ச் சேர்ந்தாள். பேச்சில்லாதது மட்டும் அப்படியே தொடர்ந்தது.

"வாம்மா. நாப்பது அலறல் முடிஞ்சுது. இன்னிக்கு நாப்பத்தொண்ணு, அதோட படம் காலி" என்றார் பொத்தான். ஒலிப்பதிவுக்காரர். நிறுத்தும் பொத்தானுக்கு மேல் விரலைத் தொங்கவிட்டபடியே இருபது வருடம் உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர்.

"நாப்பத்தொண்ணுல ஆம்பளை எத்தனை அண்ணே?" அவள் கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

"ரெண்டு. ஆம்பளை செத்தா ஒரு 'ஹக்' போதும். பொம்பளைன்னா ஏழு மாடியும் கத்திக்கிட்டே இறங்கணும். என்ன நியாயமோ."

"ஆனா ஒண்ணு அண்ணே. சாகப்போறவளை முதல்ல வாழ விடுறாங்க. செருப்பைக் கழட்டி ஓரமா வைப்பா. ஃப்ரிட்ஜைத் திறந்து என்ன சமைக்கிறதுன்னு நிப்பா. சாப்டாச்சுன்னு அம்மாகிட்ட போன்ல பொய் சொல்லுவா. அப்புறம்தான் கத்தி வரும். மத்த ஊர்ப் படத்துல கத்தி முதல்ல வந்துடுது, செத்தவ யாருன்னே தெரியறதில்ல. இவங்க கொலைகாரன் ஓடவும் மாட்டான். நடப்பான். அதுதான் வயித்தைக் கலக்குது."

"அதெல்லாம் முதல் ஒரு மணி நேரம். கடைசி அரை மணியைச் சொல்லு. கத்தியைக் கீழ வெச்சுட்டுக் கதை சொல்ல உக்காந்துடுவான். சின்ன வயசு, மழை, பள்ளிக்கூடம், எவளோ பண்ண துரோகம். பயந்ததெல்லாம் அழுகையில கரைஞ்சு போயிடும். படம் முடிஞ்சப்புறம் போலீஸ் குடையோட வரும். பேய்க்கு எதுக்கும்மா காரணம்? காரணம் தெரிஞ்சா பயம் போயிடுதே."

"எங்க வீட்டுக்காரர் ஒரே குறைதான் சொல்லுவார். அந்த மாதிரி லிஃப்ட் கதவு அவ்ளோ மெதுவா மூடாதாம்."

பொத்தான் சிரித்தார். அவள் சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நின்றபோது கைக்குட்டையில் பொட்டளவு சிவப்பு. அவர் பார்ப்பதற்குள் மடித்துவிட்டாள்.

நாற்பத்தொன்றாவது அலறல்தான் படத்தின் உயிர். லிஃப்ட்டுக்குள் சிக்கியவள், கதவு திறந்ததும் எதிரே நிற்பவனைப் பார்த்து அலறவேண்டும். அதைக் கத்தினால் தொண்டை அத்தோடு சரி என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தாவிட்டால் வேலை சரி.

"அண்ணே... அண்ணியோட பழைய அலறல் ஒண்ணு இருக்குமே. கடைசியா போட்டது. அதை ஒட்டிடலாமே."

பொத்தானின் சிரிப்பு நின்றது.

"அது மூச்சு முடியாத அலறலாச்சேம்மா."

அந்தக் கூடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மைக்கின் முன்னால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தால், அது வெளியே வரும்வரை நிறுத்தும் பொத்தானைத் தொடக்கூடாது. நடுவில் நிறுத்திய அலறல் எதனோடும் ஒட்டாது. கேட்டாலே போலி என்று தெரிந்துவிடும். இருபது வருடத்தில் அந்தக் கட்டுப்பாடு ஒரே ஒருமுறைதான் மீறப்பட்டது. மீறியது பொத்தானின் விரல் இல்லை.

போன வருடம் ஒருநாள் மதியம். ஓரம் கட்டப்பட்ட பெரிய குரல், "ஒரே ஒரு அலறல் போட்டுக்கறேன்" என்று கேட்டு உள்ளே போனாள். அப்படி ஓர் அலறலை அந்தச் சுவர்கள் அதுவரை கேட்டதில்லை. அடுத்த முறை சின்னக் குரலுடையது, மணி இரண்டு. "நேரமாச்சு" என்று சொல்லி, பொத்தானின் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, இவளே அழுத்திவிட்டாள். உள்ளே பெரிய குரல் திறந்த வாயோடு கண்ணாடி வழியாக இவளையே பார்த்தாள். பிறகு வாயை மூடினாள். பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அதன்பிறகு அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதாகத் தகவல் இல்லை. எட்டாம் நாள் காலை படுக்கையில் கிடந்தாள். இதயம் என்றார்கள்.

"வெளிமூச்சை நான் போட்டு மூடிடறேன் அண்ணே. மூச்சு விடறதுக்குத் தொண்டை எதுக்கு?" என்றாள் சின்னக் குரல்.

பொத்தான் அவள் கைக்குட்டையைப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவர்தான் போலிருக்கிறது. பெருமூச்சு விட்டுப் பழைய ஒலிக்கோப்பைத் தேடி எடுத்தார். "நாலே நொடி. முடிஞ்ச இடத்துல நீ மூச்சை விடு."

அறைக்குள் போனாள். கனத்த கதவு மூடியதும் வெளி உலகம் அறுந்து விழுந்தது. விளக்கை அணைத்தார்கள். பஞ்சு பதித்த சுவர்களுக்கு நடுவே திரை மட்டும் நீலமாக எரிந்தது. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்த அறைக்குள் நள்ளிரவுதான். பழைய கம்பளத்தின் புழுக்க வாடை. ஹெட்ஃபோனை மாட்டினாள். தன் ரத்தம் ஓடுகிற சத்தம் தனக்கே கேட்டது.

திரையில் லிஃப்ட் கதவு மெதுவாகத் திறந்தது. மழைக்கோட்டு போட்டவன் நின்றான்.

காதில் பெரிய குரல் மூச்சை இழுத்தாள். பிறகு அந்த அலறல். உச்சியில் ஏறி, பட்டென்று அறுந்தது. சின்னக் குரல் மூச்சை விட்டாள்.

"கொஞ்சம் லேட்டும்மா" என்றார் பொத்தான். "மறுபடி."

இரண்டாம் முறை அவள் சரியாக விட்டாள். ஆனால் அலறல் அறவில்லை. அவள் விட்ட மூச்சின் மேலேயே இன்னும் ஒரு நொடி ஓடியது.

"அண்ணே, நீளமா வருது."

"நாலு நொடிதான். எனக்கு முன்னால எழுதியிருக்கே."

மூன்றாம் முறை அவள் மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. கை தானாகக் கழுத்துக்குப் போனது. கம்பளித் துண்டுக்குள் குளிர்ந்தது.

நான்காம் முறை இழுத்த மூச்சு காதுக்குள் கேட்கவில்லை.

பின்னால் கேட்டது.

அவள் திரும்பவில்லை. திரும்புகிற பெண்களுக்கு என்ன ஆகும் என்று அவளே எத்தனையோ தடவை கத்திக் காட்டியிருக்கிறாள்.

"அண்ணே, போதும். நிறுத்துங்க."

ஹெட்ஃபோனில் பொத்தானின் குரல் வறண்டு வந்தது. "நான் இன்னும் ஓட்டவே இல்லியேம்மா."

கிராம்பு வாசனை.

பெரிய குரல் தொண்டைக்காக எப்போதும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பாள். அந்த வாசனை முதலில் கம்பளத்திலிருந்து வந்தது. பிறகு மைக்கிலிருந்து. பிறகு இவள் மூக்குக்கு மிக அருகிலிருந்து.

திரையில் மழைக்கோட்டுக்காரன் அசையாமல் நின்றான். படம் ஓடவில்லை.

"அண்ணி?" என்றாள்.

இதுவே கொரியப் படமாக இருந்தால் இந்த இடத்தில் மழை பிடித்துக்கொள்ளும். பழைய நினைவு விரியும். வந்தவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுவாள், கேட்பவளும் அழுவாள், பயம் கரையும். இத்தனை நாள் குறை என்று பொத்தான் திட்டிய அந்த அரை மணி நேரத்துக்காகச் சின்னக் குரல் அப்போது எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

"ஏதாவது சொல்லுங்க அண்ணி. திட்டவாவது திட்டுங்க."

யாரும் எதுவும் சொல்லவில்லை. நாத்தனார் இப்போதும் பேச்சு வார்த்தையில் இல்லை.

அவளுடைய வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

மூச்சு வந்தது.

வெதுவெதுப்பான, கிராம்பு மணக்கும், லேசாக மணல் கரகரக்கும் மூச்சு. அடிவயிற்றிலிருந்து ஏறி, தொண்டையை ஒட்டி உரசிக்கொண்டு, வெளியே போய்க்கொண்டே இருந்தது. பத்து நொடி. பதினைந்து. எந்த நெஞ்சிலும் அவ்வளவு காற்று இருக்காது. கண்ணாடிக்கு அப்பால் பொத்தான் எழுந்து நின்றார். அவர் விரல் நிறுத்தும் பொத்தானுக்கு மேலே தொங்கியது. அழுத்தவில்லை. இந்த முறை கட்டுப்பாட்டை மீற யாருக்கும் தைரியம் இல்லை.

பிறகு முடிந்தது.

விளக்கு எரிந்தது. அறையில் அவள் மட்டும் இருந்தாள். தொண்டையில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த வலியைக் காணோம்.

"ஒட்டிடுச்சும்மா" என்றார் பொத்தான், திரையைப் பார்த்தபடி. "கோடே தெரியல." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையசைத்து விடை சொல்லிவிட்டு இறங்கினாள். கண்ணாடிக் கடைக்காரர் இந்த முறை எட்டிப் பார்க்காமல் உள்ளே நகர்ந்துகொண்டார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. தொண்டைக்கு ஓய்வு என்று தாளில் எழுதிக் காட்டினாள். வாயாடிப் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு புத்தியா என்று லிஃப்ட் மெக்கானிக் உள்ளூர மகிழ்ந்திருக்கலாம், யார் கண்டது.

நான்காம் நாள் டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். "முடிச்சையே காணோம். போன வாரம் பார்த்த தொண்டை மாதிரியே இல்லியே! தாராளமா பேசலாம்."

வீட்டுக்கு வந்தாள். பயந்ததுதான் மிச்சம், தொண்டை பிழைத்தது, வேலையும் பிழைத்தது என்று மனசு இறங்கியது. சமைத்தாள். தட்டுகளைத் துடைத்து வைத்தாள். முன்னறையில் புருஷன் லிஃப்ட் பொத்தான் பலகை ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு நல்ல பேச்சாக இருக்கட்டுமே என்று சமையலறையிலிருந்தே கூப்பிட்டாள்.

"என்னங்க, சாப்பிட வாங்க."

வேலையில் மூழ்கியிருந்த மனுஷன் நிமிரக்கூட இல்லை. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பழக்கத்தில் பதில் கொடுத்தார்.

"இதோ வரேன்க்கா."

முன்னறையில் திருகாணி ஒன்று உருளும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் மெல்ல எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

நான்தாங்க என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

கடைவாயில் கிராம்பு காரம் சுள்ளென்று ஏறியது. நெஞ்சு விரிந்து அடுத்த மூச்சு உள்ளே போனது.

அதை இழுத்தது அவள் இல்லை.