நுரைக்கூடு

பள்ளத்திலிருந்து வர வேண்டிய தவளைக் குரல் அண்ணன் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது.

அந்தி மழை அப்போதுதான் விட்டிருந்தது. பின்வாசலில், தவளை நோய்க் கிருமி காட்டுக்குள் போகாமலிருக்க பூட்ஸை ப்ளீச் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்த டெல்ஃபினுக்கு, அந்த நெடியையும் மீறி எலுமிச்சையும் பூண்டும் எண்ணெயில் பொரிந்த வாசனை வந்தது. டொமினிக்கா தீவின் காடு முழுக்க நோய் வாரிக்கொண்டு போன பெருந்தவளைகளில், அவள் அறிந்து இந்தப் பக்கம் மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி. போன வாரம்தான் அவை பள்ளத்து வளைக்குள் முட்டையிட நுரைக்கூடு கட்டின. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று பக்கத்துச் செடியில் சிவப்புத் துணி கட்டியவளும் அவள்தான். நேற்றிலிருந்து ஆணின் குரல் இல்லை.

வூப்.

உள்ளே ஓடினாள். மேசையில் அண்ணன் அல்ஃபியஸ். தட்டில் சின்னச் சின்ன எலும்புகள்.

"என்னண்ணே வறுத்தே?"

"க்ராப்போதான், அந்தப் பெருந்தவளை. திருவிழாவுக்கு அது இல்லாம என்னடி சாப்பாடு? நீ கட்டுன செவப்புத் துணியப் பாத்துதான் எடத்தையே கண்டுபுடிச்சேன்."

"அங்க மிச்சமிருந்த ஆண் அது ஒண்ணுதான்."

"அப்ப நான் குடுத்துவச்சவன்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு வாய் ருசிக்காக ஒரு வம்சத்தையே தின்றுவிட்டுப் பல் குத்துகிறான். ஓங்கி அறையக் கை எழுந்தது.

"கூடு என்னாச்சு?"

"காலால தள்ளிவிட்டேன். வெறும் நுரைதானே."

வூப்.

அவன் வாய் மூடியிருந்தது. தொண்டை மட்டும் உப்பி அடங்கியது. சிரிப்பு போய்விட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

வூப். வூப்.

உதட்டோரம் வெள்ளையாக ஏதோ கசிந்தது. நுரை. கெட்டியான நுரை. வழியவில்லை. எழும்பியது. முகவாயை மூடியது.

"டெல்ஃபின், தொடச்சு விடேன், மூச்சு முட்டுது அவருக்கு," என்று அண்ணி இர்மின் அலறிக்கொண்டு வந்து துண்டை நீட்டினாள்.

வாங்கினாள். குனிந்தாள். நுரைக்குள் ஏதோ நெளிந்தது. கறுப்பு வால்கள். தலைப்பிரட்டைகள். உயிரோடு.

கூட்டைத் தொடாதீர்கள், தாய் திரும்பி வந்து கருவில்லா முட்டைகளை இட்டுக் குஞ்சுகளுக்கு இரை கொடுக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவள் அவள். எவன் கேட்டான்? துண்டு கையிலிருந்து நழுவியது. அண்ணியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"தொடாதீங்க அண்ணி."

பின்வாசலில் ஈரமாக ஏதோ விழுந்த சத்தம். பிறகு தரையில். பிறகு மேசையில்.

பெண் தவளை அவன் மார்பில் தொற்றி ஏறியது. நிதானமாகத் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கத்தை அவன் வாய்க்குள் இறக்கி, குஞ்சுகளுக்கு இரையிடத் தொடங்கியது. அல்ஃபியஸின் கண்கள் திறந்தே இருந்தன. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தன.