கடலடியில் கிடந்த மீட்டர்

காலையில் வைத்த சந்தனமும் குங்குமமும் மற்ற எல்லாக் கருவிகளிலும் அப்படியே இருந்தன. அந்த மீட்டரில் மட்டும் காணவில்லை. துடைத்த மாதிரியும் இல்லை, ஈரத்தில் வழிந்த மாதிரியும் இல்லை. பொட்டு இருந்த இடத்தில் பித்தளை மட்டும் சுத்தமாகப் பளபளத்தது. எலி நக்கியிருக்கும் என்று இராமலிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்திலேயே பொரியும் வாழைப்பழமும் தொடாமல் கிடந்தன.

அன்று ஆயுத பூஜை. பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தத் தகரப் பட்டறையில் அரம், சுத்தியல், சுரண்டி, இரண்டு கால் விரித்துக் கனம் அளக்கும் காலிப்பர் எல்லாவற்றையும் கழுவிப் பலகையில் அடுக்கிப் படைத்திருந்தார்கள். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. மீட்டர் அவனுடையது அல்ல, பழுது பார்க்க வந்தது. பட்டறைக்குள் இருப்பதில் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைப்பது ஆகாது என்று அவன் மனைவி தனலெட்சுமி சொன்னதால், அவனே அதைத் தூக்கி மற்றவற்றோடு வைத்துப் பொட்டும் இட்டான்.

கடலின் அடியில் தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் கருவி அது. முனையில் சின்னதாக ஒரு விசிறி. கம்பி அறுந்து பத்து மாதம் கடலடியில் கிடந்து, பிறகு ஆராய்ச்சிக் கப்பல்காரர்கள் எப்படியோ கொக்கி போட்டு இழுத்தார்களாம். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ் அதைப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து ரயிலில், ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அதன் உடம்பெல்லாம் உளுந்தளவு வெள்ளைப் பூச்சிகள், ஒவ்வொன்றின் வாயிலும் மயிரிழை போல ஒரு குஞ்சம். வெயிலே படாத ஆழத்தில் வாழ்கிறவை, மேலே வந்ததுமே செத்துவிட்டன, சுரண்டிப் போட்டுவிட்டு விசிறியை ஓட வைத்தால் போதும் என்று ஜெயராஜ் சொன்னார்.

முன்பு வேலை செய்த இடத்தில் ஃபோர்மன் கை ஓங்கியபோது, ஓங்கிய கையைப் பிடித்து முறுக்கிவிட்டு வெளியே வந்தவன் இராமலிங்கம். ஊரே அவனைப் பைத்தியக்காரன் என்றது. நல்லதுதான் செய்தீர்கள் என்று சொன்னவள் தனம் ஒருத்திதான். பிழைக்க வந்த இந்த மண்ணில் அவனுக்கென்று இருந்ததும் அவள் ஒருத்திதான். மத்தியானச் சோற்றைப் போட்டுவிட்டு அண்டை வீட்டுப் பெண்களோடு கோவிலுக்குப் போயிருந்தாள். நாலு மணிக்குத் திரும்புவாள், வந்ததும் நேரே பட்டறைக்குத்தான் வருவாள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் மேல் அது கொட்டுகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், பல்லால் மெல்ல மெல்ல எதையோ கொறிக்கிற மாதிரி, டிக் டிக் என்று விடாமல் கேட்க, அவன் சாரல் அடிக்காமல் கதவைத் தாழிட்டு உள்ளே வந்து குனிந்து பார்த்தான். மீட்டரின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உப்பில் பிடித்து இறுகி, நேற்று அவன் விரலால் தள்ளியும் அசையாத விசிறி. பட்டறைக்குள் காற்றே இல்லை. ஆனால் பலகையைச் சுற்றி மட்டும் குளிர்ந்திருந்தது, பாழுங்கிணற்றின் மூடியைத் திறந்தால் வரும் வாடையும் அந்தக் குளிரோடு சேர்ந்து வந்தது. மீட்டருக்கு அடுத்திருந்த காலிப்பரிலும் இப்போது பொட்டு இல்லை. அதன் இரண்டு கால்களிலும் உளுந்து உளுந்தாக வெள்ளை.

செத்தது நகராது. இராமலிங்கம் ஓரடி பின்வாங்கினான். பயம்தான், அதை அவன் மறைக்கவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

வெளியே ஒரு மாட்டு வண்டி கடகடவென்று போனது. எல்லாக் குஞ்சங்களும் ஒரே நேரத்தில் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பின. வண்டி நகர நகர, அவையும் நகர்ந்தன. வண்டி போனபின் மெதுவாகத் திரும்பி, அவனைப் பார்த்து நின்றன.

"இது என் பட்டறை. ஒங்க கடல் இல்ல," என்றான்.

தொடக் கூடாத நாளில் சுரண்டியை எடுத்தான். தெய்வக் குற்றம் என்றால் குற்றமாகவே இருக்கட்டும், தனம் வருவதற்குள் ஒன்றுகூடப் பாக்கியிருக்கக் கூடாது. சுரண்டினான். ஒவ்வொன்றும் பிடிப்பு விடும்போது கரும்பலகையில் நகம் கீறுகிற சத்தம் போட்டது. உதிர்ந்தவற்றைத் தகர டப்பாவில் தள்ளி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். எரிந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் சுரண்டினான், காலிப்பரை, அரத்தை, பலகையை. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினான்.

வலது கட்டைவிரலில் ஒன்று. மணிக்கட்டில் நாலு. முழங்கை வரை வரிசையாக.

வலியே இல்லை. குளிர் மட்டும். சுரண்டியை இடது கைக்கு மாற்றி ஒன்றைக் கிளப்பப் பார்த்தான், தோலோடு வந்தது. வந்த இடத்தில் ரத்தம் இல்லை. தெளிந்த தண்ணீர் சுரந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

"என்னாங்க?"

தனத்தின் குரல். கதவுக்கு வெளியே. கையிலிருந்த குஞ்சங்கள் அத்தனையும் கதவுப் பக்கம் திரும்பின. அவன் வலது கை, இடது கையிலிருந்த சுரண்டியைப் பிடுங்கிப் பலகையில் வைத்தது. அவன் வைக்கவில்லை. கை நீண்டு, தாழ்ப்பாளை நோக்கிப் போனது. இழுத்த இழுப்பில் அவனும் இரண்டடி பின்னாலேயே போனான்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, இவற்றுக்கு அவன் ஒருவன் போதாது, அவளும் வேண்டும்.

பற்களைக் கடித்துக்கொண்டு உடம்பை முறுக்கித் திரும்பினான். மேசையோடு இறுக்கியிருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடைக்கு நடுவில் அந்தக் கையைத் திணித்து, இடது கையால் கைப்பிடியைச் சுற்றினான். இறுக்கினான். எலும்பு நெரிந்தது. இன்னும் இறுக்கினான். இந்த முறை வலித்தது. வலி அவனுக்குத் தைரியமாக இருந்தது.

"தெறந்து பாருங்களேன் இப்போ," என்றான் கையைப் பார்த்து.

கதவு தட்டப்பட்டது. உள்ளே என்ன புகை, யாரோடு பேசுகிறீர்கள் என்று தனம் கேட்டாள்.

"தனம், உள்ள வராத. ஓடிப் போ. ஸ்டேஷன் பக்கம் ஓடு, திரும்பிப் பாக்காத."

"என்ன ஆச்சு ஒங்களுக்கு?"

"சொன்னா கேளு. நான் செத்தாலும் கதவத் தெறக்க மாட்டேன்."

வெளியே மழைச் சத்தம் மட்டும். போய்விட்டாள் என்று நினைத்தான். அந்த ஒரு நொடி, எத்தனை நிம்மதி.

"நான் எங்கயும் போகல," என்றாள், கதவோடு ஒட்டி நின்று. "நீங்க தெறக்கற வரைக்கும் இங்கதான் நிப்பேன். பயப்படாதீங்க."

அவனைப் போலவே பிடிவாதம். அதற்காகத்தான் அவளைக் கட்டினான். இன்று அதுவே அவனைக் கொன்றது. போ, போ என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் போகவில்லை. சரி, நிற்கட்டும். வைஸ் இரும்பு. அவன் கை அதற்குள். நாளைக் காலை வரை நிற்பான். சதை அழுகும்வரை நிற்பான். தோற்க மாட்டான்.

குஞ்சங்கள் அசையாமல் நின்றன. அவையும் காத்திருந்தன.

கிரீச்.

வலி கொஞ்சம் குறைந்தது.

கிரீச்.

கை உள்ளே லேசாக அசைந்தது. வைஸின் திருகு தளர்ந்துகொண்டிருந்தது. எது திருப்புகிறது? மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. சுவரில் ஒன்றுமில்லை. "தனம்," என்று கூப்பிட்டான். "இருக்கேன்," என்றாள் அவள், கதவுக்கு அப்பால், இன்னும் நெருக்கமாக.

பிறகு கைப்பிடியைப் பார்த்தான்.

அவனுடைய இடது கை. சுத்தமான கை. ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத கை. அரைச் சுற்று திருப்பி, நிறுத்தி, இறுக்கம் பார்த்து, மறுபடி அரைச் சுற்று, அவசரமே இல்லாமல் வைஸைத் தளர்த்திக்கொண்டிருந்தது.