அறுநூறு மீட்டரில் ஒரு ஜாண்

காலை 7.40.

இலக்குப் பலகைகளுக்கு அடியில் வெட்டிய குழிக்குள் நின்று, டெய்லரக்கா மூன்றாம் எண் தாளைக் கீழே இறக்கினாள். பத்துத் துளைகள். பத்தும் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கும். ஆனால் அந்தக் கைக்குட்டை, நடுவட்டத்தை விட்டு ஒரு ஜாண் கீழே கிடந்தது.

வார நாட்களில் சட்டை தைப்பவள், ஞாயிறுகளில் துளை எண்ணுபவள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தாள். ஒன்பது அங்குலம் கீழே. மூன்று அங்குலம் இடப்பக்கம். காற்று வலமிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் துளைகளுக்குச் சொந்தக்காரி பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். துப்பாக்கி சுடும் அணியில் ஒரே ஒரு இடம் காலி. ஐந்து வருடமாக இரண்டாவதாகவே வருகிறாள். பத்து மணிக்கு இறுதிச் சுற்று.

8.05. சுடும் மேடை.

"என் ஒரு ஜாணை யாரோ திருடிட்டாங்க அக்கா!" என்றாள் பேருந்துக்காரி. "யாரோ என்ன யாரோ, இதோ நிக்கிறா!"

நின்றது அவள் நாத்தனார். பல் டாக்டர். அதே இடத்துக்குப் போட்டி.

"அண்ணி, நான் பல்லைத்தான் பிடுங்குவேன். தோட்டாவை இல்லை."

"தோட்டாப் பெட்டி ராத்திரி எங்கே இருந்துச்சு?" டெய்லரக்கா குறுக்கே வந்தாள்.

"அலமாரியில. சாவி என் இடுப்புல."

"சீல்?"

"நானே ஒட்டினேன். காலையில நானே கிழிச்சேன்."

"அப்போ டாக்டர் தொடலை."

பேருந்துக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

"நூறு மீட்டர்ல சுட்டுப் பாத்தியா?"

"அச்சுல வார்த்த மாதிரி நடுவுல விழுந்துச்சு."

"குழாயை விட்டுக் கிளம்பும்போது வேகம்?"

"வேகம் பாக்கிற கருவி வெச்சு அளந்தேன். போன வாரம் என்னவோ அதேதான்."

டெய்லரக்கா டேப்பை விரலில் சுற்றினாள். குறிபார்க்கும் கருவி நழுவியிருந்தால் நூறு மீட்டரிலேயே தப்பியிருக்கும். வெடிமருந்து குறைந்திருந்தால் வேகம் குறைந்திருக்கும். இரண்டும் இல்லை. சரியாகக் கிளம்பிய குண்டு போகிற வழியில் களைத்துப் போகிறது. களைத்ததைத்தான் காற்றும் கூடுதலாகத் தள்ளுகிறது.

"டாக்டர், உங்க தாளைக் காட்டுங்க."

டாக்டர் முகம் சிவந்தது. எட்டாக மடித்துப் பைக்குள் செருகியிருந்தாள். "இன்னிக்கு என் கை சரியில்லை அக்கா. பாத்தா அண்ணி ஊரைக் கூட்டிச் சிரிப்பாங்க."

டெய்லரக்கா அதை வாங்கி விரித்து அளந்தாள். ஒன்பது அங்குலம் மேலே. மூன்று அங்குலம் வலப்பக்கம்.

டெய்லரக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "இவ தொலைச்சது அப்படியே உங்ககிட்ட இருக்கு. ஒரு நூல் கூடக் குறையலை. ரெண்டு பேருக்கும் தோட்டா செஞ்சு தர்றது யாரு?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் அப்படியே நின்றார். ஒருத்திக்குப் புருஷன், மற்றவளுக்கு அண்ணன்.

8.30.

"நானா? ஒவ்வொரு குண்டையும் தராசுல வெச்சேன்! மயிரிழை வித்தியாசம் இல்லை!"

"குண்டு வந்த அட்டைப் பெட்டி எங்கே?"

"ரெண்டும் நனைஞ்சு போச்சு. கடையிலேர்ந்து ரெண்டு பாட்டில் கொண்டுவந்து கொட்டி வெச்சேன். லேபிள்கூட ஒட்டினேனே."

"லேபிள்ல என்ன எழுதினீங்க?"

"எடை. குண்டு ஒண்ணு நூத்தி அறுபத்தெட்டு கிரெயின்."

"இன்னொண்ணுல?"

அவர் ஃபிளாஸ்க்கை மூடினார். "நூத்தி அறுபத்தெட்டு."

"டாக்டர், இப்போ பிடுங்குங்க."

குறடு வந்தது. ஆளுக்கொரு தோட்டாவிலிருந்து பித்தளை உறைக்குள் புதைந்திருந்த குண்டை டாக்டர் வலிக்காமல் எடுத்து மேசைமேல் வைத்தாள். மூக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். அண்ணியின் குண்டுக்கு அடிப்பக்கம் வெட்டிவிட்டது போலத் தட்டை. நாத்தனாரின் குண்டு படகின் பின்புறம் போல ஒடுங்கி வால் நீண்டிருந்தது.

"இந்த வால்தான் காற்றை வழுக்கிக்கிட்டுப் போகும்," என்றாள் டெய்லரக்கா. "எவ்வளவு வழுக்கும்னு ஒரு எண் உண்டு, பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட். அந்த எண் கூடினா வேகம் சீக்கிரம் குறையாது. நூறு மீட்டர்ல இது தெரியாது, அறுநூறுல ஒரு ஜாண். அந்த எண் பெட்டிமேல அச்சடிச்சிருந்துச்சு. பெட்டியைத் தூக்கி எறிஞ்சாச்சு, வால் உறைக்குள்ள ஒளிஞ்சிருச்சு. மிச்சம் இருந்தது எடை. மருந்துக்கடைக்காரருக்கு எடை சரியா இருந்தா உலகமே சரி. பாட்டில் மாறிடுச்சு. குற்றவாளி உன் வீட்டுக்காரர்தான்."

"எடை ஒண்ணுதானேன்னு..." என்று ஆரம்பித்தவர், இரண்டு பெண்களின் பார்வையைக் கண்டு ஃபிளாஸ்க்கை மறுபடி திறந்தார்.

டாக்டர் தன் பெட்டியை அண்ணி பக்கம் தள்ளினாள். "இந்தாங்க. என் தட்டையைக் கொடுங்க. எனக்கு அதுதான் பழக்கம்."

"உன்னைத் திருடின்னு சொல்லிட்டேனே..."

"சொன்னதுக்குப் பத்து மணிக்குப் பழி வாங்குறேன்."

11.15.

டெய்லரக்கா மூன்றாம் எண் தாளை இறக்கினாள். டேப் தேவைப்படவில்லை. எல்லாம் நடுவட்டத்துக்குள். பக்கத்தில் டாக்டரின் தாளும் கிட்டத்தட்ட அப்படியே. ஒரே ஒரு துளை மட்டும் கோட்டுக்கு அந்தப்பக்கம்.

ஒரு புள்ளி வித்தியாசம். மேடையில் முதலில் கத்தியது நாத்தனார்தான். அண்ணியை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மருந்துக்கடைக்காரர் பதக்கத்தைக் கையில் வாங்கினார். பழக்கதோஷம், சட்டைப் பையிலிருந்த குட்டித் தராசை வெளியே எடுத்தார்.

"எடை எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி. "பின்பக்கம் திருப்பி யார் பேர் போட்டிருக்குன்னு பாருங்க. அதையும் மாத்தித் தொலைக்காதீங்க."